பதினைந்து மில்லி பால்

"நர்ஸம்மா, இவளுக்குப் பால் பத்தல. புள்ள ராத்திரி பூரா கத்துது."

கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, புவனகிரி, குறிஞ்சிப்பாடி என்று மாறிக் கடைசியில் கடலூரில் ஓய்வு பெற்றேன். எந்த ஊரானாலும் இதைச் சொல்பவர் பெற்றவளின் அம்மாவாகவோ மாமியாராகவோ ஆயாவாகவோ இருப்பார். பெற்றவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

அப்படிச் சொன்ன வீடுகளில் பெரும்பாலானவற்றில் பாலுக்குக் குறைவிருக்காது. பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்து, கேட்கும்போதெல்லாம் கொடுக்கச் சொன்னால் போதும். ஆனால் சில வீடுகளில் உண்மையிலேயே பால் பற்றாது. அங்கே "தாய்ப்பால்தான் அமுதம், வேறெதுவும் கொடுக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினால் பிள்ளை வாடிப்போகும். டப்பா பாலை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் இருக்கிற தாய்ப்பாலும் வற்றிப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

பிள்ளை அழுவதை வைத்துப் பால் பற்றவில்லை என்று முடிவு செய்ய முடியாது. தராசு சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதல் சில நாட்களில் எடை குறைவது இயற்கை. ஏழு சதவீதத்தைத் தாண்டிக் குறைந்தால் பால் கொடுப்பதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பத்து சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து எடை ஏறத் தொடங்கி, 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். அதன்பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடும். பிரசவத்தின்போது தாய்க்கு டிரிப்ஸ் நிறைய ஏறியிருந்தால் பிள்ளையின் உடம்பிலும் நீர் சேர்ந்து பிறந்த எடை சற்றுக் கூடுதலாகத் தெரியும். முதல் நாளில் அது சிறுநீராகப் போய்விடும். எடை குறைந்ததைப் பார்த்துப் பதறுவதற்கு முன் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

எடை போடுவதிலும் கவனம் வேண்டும். அதே தராசு, துணியில்லாத உடம்பு, தட்டில் விரித்த துண்டின் எடையைக் கழித்த பிறகு வரும் எண். எங்கள் பக்கத்தில் பேர் வைத்த கையோடு இடுப்பில் அரைஞாண், கையில் வெள்ளிக் காப்பு, வசம்பு வளையல், காலில் கொலுசு எல்லாம் ஏறிவிடும். போன முறை வெறும் உடம்போடு நிறுத்த பிள்ளையை இந்த முறை நகையோடு நிறுத்தால் முப்பது நாற்பது கிராம் கூடத் தெரியும். அது ஒரு நாள் வளர்ச்சிக்கும் மேல். வளராத பிள்ளையை வளர்ந்ததாக எழுதிவிடுவோம். காப்பைக் கழற்றச் சொன்னால் சில பாட்டிகளுக்குக் கோபம் வரும். பொறுமையாகச் சொல்லித்தான் கழற்ற வைக்க வேண்டும்.

பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் திட்டம் 2011 முதல் நாடு முழுதும் இருக்கிறது. அந்த அட்டவணையில் 14-ஆம் நாளைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதினேன். அன்றைக்குப் பிறந்த எடையைத் தொடாத பிள்ளையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். முதல் பிரசவம். 36 வாரத்தில் சிசேரியன். 2 கிலோ 700 கிராமில் ஆண் குழந்தை. ஐந்தாம் நாள் 2,450. பதினான்காம் நாள் 2,420. வீட்டில் யாருக்கும் கவலையில்லை. "தங்கமான புள்ளம்மா, அழவே அழாது. பாலக் குடிச்சிட்டுத் தூங்கிக்கினே கெடக்கும்" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. மகளுக்குப் பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் வேளை தவறாமல் செய்து போட்டுக்கொண்டிருந்தார். குறை சொல்ல முடியாத பராமரிப்பு.

நான் பயந்தது அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான். 37 வாரம் நிறையாமல் பிறக்கும் பிள்ளை பார்வைக்கு மாதம் நிறைந்த பிள்ளை போலவே இருக்கும். ஆனால் உறிஞ்சும் வலு இருக்காது. நாலு வாய் குடித்துக் களைத்துத் தூங்கிவிடும். குடித்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். மார்பு காலியாகாததால் உடம்பும் பாலைக் குறைத்துக்கொள்ளும். பால் குறைந்ததால் பிள்ளை இன்னும் களைக்கும். பசித்து அழுவதற்கும் தெம்பு வேண்டும். அழாத பிள்ளைதான் பல நேரம் ஆபத்தில் இருக்கும் பிள்ளை. அன்று அந்தக் குழந்தை ஒரு நாளில் நாலு தடவைதான் சிறுநீர் போயிருந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்குக் குறையக்கூடாது.

அன்றே சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனைக்கு அனுப்பினேன். 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் பக்கத்து ஏழைகளும் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிய பிறகு இன்னும் எளிதாகிவிட்டது. சிறுநீரில் கிருமி, மஞ்சள் காமாலை, இதயக் கோளாறு, ரத்தத்தில் சர்க்கரை, உப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எடை ஏறாததற்குப் பால் மட்டுமே காரணம் என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. தாய்க்கும் தைராய்டு, ரத்தசோகை, கருப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருக்கிறதா என்று சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளைக்குப் போதுமான பால் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

அங்கே எழுதிக் கொடுத்த கணக்கை நான் பிறகு பல வீடுகளில் விளக்கியிருக்கிறேன். கிலோவுக்கு 50 மில்லி கூடுதல் பால். 2.4 கிலோவுக்கு நாளொன்றுக்கு 120 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 15 மில்லி. பிள்ளையின் ஆயா அதைக் கேட்டு நம்பவில்லை. "இத்தினூண்டு பாலுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று கேட்டார். அந்த இத்தினூண்டுதான் முக்கியம். ஒரேயடியாக 60, 70 மில்லி புட்டியில் கொடுத்தால் பிள்ளை வயிறு நிறைந்து நாலு மணி நேரம் தூங்கும். மார்பை நாடாது. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். பால் சுரப்புக்கும் அதே விதிதான். 15 மில்லி பிள்ளைக்குத் தெம்பு தரும். அந்தத் தெம்போடு அடுத்த வேளை மார்பை அது நன்றாக உறிஞ்சும்.

ஒவ்வொரு வேளையும் மூன்று வேலை. பகலிலும் இரவிலும் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் பிள்ளையை எழுப்பி இரண்டு மார்பிலும் குடிக்க விடுவது முதல் வேலை. களைத்ததும் 15 மில்லி கொடுப்பது இரண்டாவது. உடனே இரண்டு மார்பிலும் மிச்சப் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து அடுத்த வேளைக்கு வைப்பது மூன்றாவது. எல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் தாய்க்குத் தூக்கமே இருக்காது. கொடுப்பதை ஆயாவோ கணவனோ செய்யலாம், பாத்திரம் கழுவுவதையும் கொதிக்க வைப்பதையும் அவர்களே செய்ய வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். அந்தக் குப்பத்தில் கடலுக்குப் போய்விட்டு வந்த கணவன், இரவு இரண்டு மணி வேளையைத் தானே பார்த்துக்கொண்டான்.

எதைக் கொடுப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தாயின் சொந்தப் பால். சுடுநீர் ஒத்தடம் கொடுத்து, லேசாக நீவி, காம்புக்குப் பின்னால் கருவட்டத்தின் விளிம்பில் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் நாள் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மார்பிலும் சேர்த்து ஐந்து மில்லிதான் வந்தது. "பாத்தீங்களா சிஸ்டர், எனக்கு இல்ல" என்று அழுதாள். பிள்ளை குடித்து முடித்த பிறகு வரும் ஐந்து மில்லி அது என்றும், கடைசியில் வருவதால் கொழுப்புச் சத்து கூடுதலாக இருக்கும் என்றும் சொன்னேன். இரவில் பீய்ச்சுவதை விடாதே என்றும் சொன்னேன். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். மூன்றாம் நாள் பத்து மில்லி, வாரக் கடைசியில் இருபது. எங்கள் ஊர் வெயிலில் பீய்ச்சிய பாலை வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம் வைக்கலாம்.

சொந்தப் பால் போதாவிட்டால் அடுத்தது தானமாக வந்த தாய்ப்பால். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பிறகு வந்தன. எங்களுக்குப் பக்கம் என்றால் புதுச்சேரி ஜிப்மரில் 2016-ல் திறந்த 'அமுதம்' தாய்ப்பால் மையம். ஆனால் இந்தப் பால் மருத்துவமனையில் இருக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கே முதலில் போகும். போகவும் வேண்டும். குப்பத்து வீட்டுக்கு அது எட்டாது. அண்டை வீட்டுப் பெண்ணிடம் குடிக்க விடலாமா என்று கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை செய்யாமல் வேண்டாம் என்பேன்.

மூன்றாவதுதான் பவுடர் பால். மருத்துவர் அளவு எழுதிக் கொடுத்தால் அது தவறல்ல, தாய்க்கு அவமானமும் அல்ல. அந்தக் குழந்தைக்கும் முதல் சில நாட்கள் பற்றாக்குறையை அதுதான் ஈடுகட்டியது. கலக்கும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. பவுடர் கிருமியற்ற பொருள் அல்ல. கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். டப்பாவில் எழுதியுள்ள அளவுக் கரண்டியைத் தலை தட்டிப் போட வேண்டும். மாதக் கடைசியில் டப்பா தீராமலிருக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வயிறு நிறையும், எடை ஏறாது. மாட்டுப்பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் அது பிள்ளையின் சிறுநீரகத்துக்குச் சுமை, இரும்புச்சத்தும் குறைவு.

எப்படிக் கொடுப்பது? எங்களுக்கு வெளியிலிருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. சங்கு எல்லா வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பாலாடை என்று இதே வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, சாய்த்தும் சாய்க்காமலும் காட்டினால் பிள்ளையே நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். ஊற்றக் கூடாது. ஊற்றினால் புரையேறும். புட்டி வேண்டாம் என்பதற்குக் காரணம் கழுவுவதில் உள்ள சிரமம் மட்டுமல்ல. புட்டியில் உழைப்பில்லாமல் பால் வரும் பழக்கத்துக்கு ஆளான பிள்ளை மார்பில் பொறுமை இழந்துவிடும். புட்டிக்கும் பவுடருக்கும் விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது.

சங்கைவிடச் சிறந்த வழி ஒன்றை மருத்துவமனையில் கற்றுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகப் பால் செலுத்தும் மெல்லிய ட்யூப் இருக்கிறதே, அதன் ஒரு முனை சின்னக் கிண்ணத்துப் பாலுக்குள். மறுமுனை காம்பையொட்டி, அதைவிடச் சற்றே நீண்டிருக்கும்படி மார்பில் பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளை காம்பையும் ட்யூபையும் சேர்த்துக் கவ்வும். உறிஞ்சினால் மார்பிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் பால் வரும். கிண்ணத்தை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். முதல் தடவை வீட்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். ட்யூபுக்குள் வெள்ளைக் கோடு மெல்ல ஏறியது. பிள்ளை கண்ணைத் திறந்தான். தாடை ஆழமாக இறங்கி ஏறியது. ஒவ்வொரு இழுப்புக்கும் விழுங்கும் சத்தம் கேட்டது. "இவ்ளோ நாளும் இவன் இப்படிக் குடிச்சதே இல்ல சிஸ்டர்" என்றாள் அவள். கூடுதல் பாலையும் தாயின் மார்பிலேயே குடிக்க வைத்துவிடலாம் என்பதுதான் இந்த முறையின் பெரிய நன்மை. கொடுக்கிற ஒவ்வொரு துளியும் சுரப்பையும் தூண்டும். இதை மருத்துவமனையில் பழகிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும். ட்யூபை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யவும் அவர்கள் சொல்கிற கணக்கில் மாற்றவும் வேண்டும்.

21-ஆம் நாள் அந்தக் குழந்தை 2,640. அதன்பிறகு கூடுதல் பாலைக் குறைக்கத் தொடங்கினோம். நாளொன்றுக்கு முப்பது கிராம் ஏறுகிறது என்றால், பால் தளும்பி நிற்கும் காலை வேளைகளின் கூடுதல் பாலை முதலில் நிறுத்தி, மூன்று நாள் கழித்து எடை பார்த்து, இறங்காவிட்டால் அடுத்த வேளையை நிறுத்துவோம். மாலை வேளையில் பால் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதைக் கடைசிவரை விட்டுவைப்போம். 42-ஆம் நாள் முழுக்கத் தாய்ப்பாலில் இருந்தான், எடை மூன்று கிலோவைத் தாண்டியிருந்தது. கூடுதல் பால் என்பது மருந்து. அளவு, வேளை, நிறுத்தும் கணக்கு மூன்றும் எழுதப்படாமல் அதை ஒரு தாயின் கையில் கொடுக்கக் கூடாது.

கொடுக்கக் கூடாதவற்றோடுதான் என் பாதிச் சண்டை. சேனை என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு உரைத்த தண்ணீர், கிரைப் வாட்டர். செவ்வாப்பு நோய்க்கு நல்லது என்று தெருவில் கழுதையை ஓட்டி வருபவரிடம் வாங்கும் ஒரு சங்குக் கழுதைப்பால். இவற்றில் எதுவும் எடையைக் கூட்டாது. வயிற்றில் பாலுக்கான இடத்தை அடைக்கும், கிருமியையும் கொண்டுவரும். தேன் ஒரு வயது வரை ஆபத்து. அக்னி நட்சத்திரத்திலும் ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீர் தேவையில்லை. சிதம்பரம் பக்கத்து ஆயாக்களிடம் நான் உபமன்யு கதையைச் சொல்வேன். வியாக்கிரபாத முனிவரின் பிள்ளைக்கு மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள், அது குடிக்காமல் அழுதது, தில்லைக் கூத்தன் பாற்கடலையே வரவழைத்தான். சிதம்பரத்தில் திருப்பாற்கடல் என்று குளமே இருக்கிறது. "சாமியே மாவுத் தண்ணி போதும்னு வுட்டுடல, ஆயா" என்றால் கேட்டுக்கொள்வார்கள். பால் சுறா, பூண்டு, முருங்கைக்கீரையை நான் தடுத்ததில்லை. அவை தாய்க்குத் தெம்பு. ஆனால் அடிக்கடி குடிப்பதும் மார்பு காலியாவதும் இல்லாமல் எந்தக் குழம்பும் பாலைக் கூட்டாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் "பயத்துல பால் வத்திப்போச்சு" என்று தாய்மார் அழுததைக் கேட்டேன். நிவாரணப் பொருள்களோடு பால் பவுடரும் வந்து இறங்கியது. சுத்தமான தண்ணீர் இல்லை, அடுப்பு இல்லை. பயத்தில் பால் வற்றுவதில்லை, இறங்குவதுதான் தடைப்படும். பக்கத்தில் ஆறுதலாக ஒரு பெண் உட்கார்ந்து, பிள்ளையைத் தோலோடு தோல் சேர்த்து மார்பில் போட்டு, திரும்பத் திரும்பக் குடிக்க வைத்தால் வரும். அப்படி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். தாயையே இழந்த பிள்ளைக்கு அந்தப் பவுடர் தேவைதான். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. வீட்டுக்குள் கேட்கும் சுடுசொல்லும் அதே தடையைச் செய்யும். "உங்கம்மாவுக்கும் பால் இல்ல, உனக்கு எங்கேர்ந்து வரும்" என்ற பேச்சு கேட்ட வீட்டில் நான் முதலில் பேசுவது பேசியவரிடம்தான்.

என்ன செய்தாலும் முழுப் பால் வராத பெண்களும் உண்டு. சுரப்பித் திசு வளர்ச்சி குறைவு, மார்பில் அறுவைச் சிகிச்சை, பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு, கட்டுப்படாத தைராய்டு என்று காரணங்கள் இருக்கும். அவர்களுக்குக் கூடுதல் பால் மாதக்கணக்கில் தொடரும். அப்போதும் மார்பில் வரும் கொஞ்சமும் பிள்ளைக்கு நோய்த்தடுப்புதான். முழுதாக இல்லை என்பதற்காக உள்ளதையும் நிறுத்த வேண்டாம். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். சிசேரியனுக்குப் பின் முதல் நாட்களில் உதவி தேவைப்படும் தாய்மார் அத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரையைவிட, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஓர் ஆள் வேண்டும்.

என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் செவிலியர்களுக்குச் சொல்வேன்: பால் கொடுப்பதை முழுதாக ஒரு முறையாவது உட்கார்ந்து பாருங்கள், நகையைக் கழற்றி எடை போடுங்கள், கூடுதல் பாலை எழுதிக் கொடுக்கும்போதே நிறுத்தும் கணக்கையும் எழுதிவிடுங்கள். வீட்டில் பச்சைப்பிள்ளை இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர், துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை, இன்னும் கறுப்பாகவே மலம், எழுப்பினாலும் எழாத தூக்கம், உள்வாங்கிய உச்சிக்குழி, காய்ச்சல், பதினான்காம் நாளில் பிறந்த எடைக்குக் கீழே. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். வண்டிக்கு 108, ஆலோசனைக்கு 104. பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தாமல் போங்கள்.